சஷ்டிப் பால்

வால்தம்ஸ்டோ, லண்டன்
22.09.2024

அன்புள்ள மச்சாள் கனகாம்பிகைக்கு,

நீங்களும் வீட்டாரும் சுகமென்று நம்பி எழுதுகிறேன். உங்கள் முழங்கால் நோவு எப்படி? இங்கே நாங்களும் சுகம் என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன். கை போகவில்லை.

ஞாயிறுதோறும் வீடியோவில் முகம் பார்க்கிறோம், பிறகு எதற்கு இவள் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பீர்கள். வீடியோவில் கதைக்கும்போது உங்கள் அண்ணை பக்கத்திலேயே இருப்பார். இந்த வீட்டில் கீழே சமைக்கிற குசினியில் தும்மினால் மாடியில் கேட்கும். நீங்கள் தபால் கந்தோர் நடத்துகிறவர். பையை அவிழ்ப்பதும் நீங்கள்தான். கடிதம் வேறு கை படாமல் உங்களிடம் வந்துவிடும்.

போன மாதம் பதினேழாம் திகதி அவருக்கு வலிப்பு வந்தது. பஸ் ஓட்டும்போது வரவில்லை, அந்த மட்டில் முருகன் காப்பாற்றினான். டிப்போவில் ஷிப்ட் முடித்துத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தவர் கோப்பையோடு சரிந்தாராம். ஆஸ்பத்திரியில் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். மூளையின் இடப்பக்கம், காதுக்கு மேலே, நெல்லிக்காயளவில் ஒரு கட்டி. லைசென்ஸைத் திருப்பி எடுத்துவிட்டார்கள். இருபத்தொரு வருசம் லண்டன் ரோட்டில் பஸ் ஓட்டிய மனிசன் இப்போது ஜன்னலடியில் நின்று, போகிற பஸ்ஸுக்கெல்லாம் நேரம் பார்க்கிறார். "இவன் ரெண்டு நிமிசம் பிந்திப் போறான்" என்கிறார்.

எம்.ஆர்.ஐ. படத்தில் கட்டியின் உருவம் தெரிகிறதாம், குணம் தெரியவில்லையாம். அது கிடக்கிற இடம் பேச்சுக்குப் பக்கத்து இடம். அதனால் சும்மா வெட்டிப் பார்க்கவும் ஏலாது. ஓர் ஆராய்ச்சியில் சேர்த்து, பெட் ஸ்கேன் என்று வேறொரு படம் எடுக்கப் போகிறார்கள். டொக்டர் கிரிஜா மதுரைப் பக்கத்து ஆள், நல்ல மனுசி. எனக்கு விளங்குகிற மாதிரிச் சொன்னா. ஊசியில் புரதத்தின் ஒரு துணுக்கை ஏற்றுவார்களாம். கொஞ்ச நேரம் கதிர் வீசுகிற ஒரு குறியை அதில் ஒட்டி விடுவார்களாம். வேகமாக வளர்கிற கட்டி அதை அள்ளித் தின்னும், படத்தில் அந்த இடம் பளீரென்று எரியும். மெல்ல வளர்கிறது பேசாமல் கிடக்கும். "பந்தியில உக்கார வெச்சாத்தானேம்மா, யாரு பெருந்தீனின்னு தெரியும்" என்றா. நவம்பர் ஆறாம் திகதி அந்தப் பந்தி.

மகள் டிலக்சனாவுக்குப் பாதிதான் தெரியும். உங்களுக்குச் சொல்ல வேண்டாமென்று அவர் சத்தியம் வாங்கியிருக்கிறார். வாயால் சொல்ல மாட்டேன் என்றுதான் சத்தியம் பண்ணினேன்.

உங்கள் மச்சாள்,
சுவர்ணா

---

இணுவில்
06.10.2024

அன்பு மச்சாள் சுவர்ணாவுக்கு,

உங்கள் மூவருக்கும் ஒரு குறையும் வரக்கூடாதென்று கும்பிட்டுக்கொண்டு எழுதுகிறேன். என் முழங்கால் கிடக்கட்டும், அதைப் பற்றி இனிக் கேட்காதேங்கோ.

உங்கள் கடிதத்தைக் கவுண்டரில் நின்றபடியே வாசித்தேன். முத்திரை வாங்க வந்த கிழவர், "என்ன பிள்ளை, ஆரும் மோசம் போயிட்டினமோ?" என்று கேட்டார். வாயைக் கழுவச் சொல்லி ஏசி அனுப்பினேன். பாவம் அந்த மனிசன்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் நான் எப்படிச் சிரித்தேன் பார்த்தீர்களா? அண்ணை, "எல்லாம் நல்லம் தங்கச்சி, லீவில நிக்கிறன்" என்று புளுக, நானும் "அப்ப நல்லா ரெஸ்ட் எடுங்கோ" என்றேன். ஒரே வயிற்றில் பிறந்ததுகள், புளுகிலும் ஒன்றுதான்.

இனி நான் சொல்வதைக் கேளுங்கோ. நவம்பர் இரண்டாம் திகதி கந்தசஷ்டி தொடங்குகிறது. ஏழாம் திகதி சூரன்போர். ஸ்கேன் ஆறாம் திகதி, ஐந்தாம் நாள். இது தற்செயல் இல்லை மச்சாள், முருகன் வைத்த நாள். நான் ஆறு நாளும் ஒரு மிளகும் தண்ணியும்தான், நேர்ந்துவிட்டேன். அண்ணையும் பிடிக்க வேணும். அவருக்கு அப்படிக் கடுமையாக வேண்டாம். காலையில் ஒரு கோப்பை பால், இரண்டு வாழைப்பழம், பின்னேரமும் அப்படியே. பாலும் பழமும் விரதத்தை முறிக்காது. நோயாளிக்குத் தெம்பும் வேணும், பாதாம் பருப்பு ஊறவைத்து அரைத்து விடுங்கோ.

அவர் மாட்டேன் என்பார். அண்ணைக்குப் பாலைக் கண்டால் ஆகாது. சின்ன வயதில் அம்மா கொடுக்கிற பாலை வாழையடியில் ஊற்றிவிட்டுக் குடித்த மாதிரி வாயைத் துடைத்துக்கொண்டு வருவார். அந்த வாழை மட்டும் எங்கள் வளவில் கொழுத்து நின்றது. மூக்கைப் பொத்திக்கொண்டாவது குடிக்கச் சொல்லுங்கோ. தங்கச்சி சொன்னாள் என்று சொல்லாதேங்கோ, எனக்குத் தெரியாதுதானே.

உங்களைக் கைவிடாத,
கனகாம்பிகை

---

வால்தம்ஸ்டோ
10.11.2024

அன்புள்ள மச்சாளுக்கு,

ஆறு நாள் மிளகோடு இருந்த உடம்பு தேறியிருக்கும் என்று நினைக்கிறேன். இங்கே குளிர் தொடங்கிவிட்டது, எங்களுக்குத் தடிமன்கூட இல்லை.

ஸ்கேன் முடிந்தது. அவர் விரதம் பிடித்தார் மச்சாள், ஒரு நாளும் மறுக்கவில்லை! ஆஸ்பத்திரிக் கடுதாசி வந்த நாளிலிருந்து அதைத் தன் ஜக்கெட் பையிலேயே வைத்திருந்தார். "என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டேன். "சாப்பிடாமல் வரட்டாம், வேறை ஒண்டுமில்லை" என்றார். நல்லதாய்ப் போயிற்று, சஷ்டியில் சாப்பாடு எங்கே என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றைக்குக் காலை எட்டு மணிக்குப் பால் காய்ச்சி, பாதாம் அரைத்து விட்டு, பழத்தோடு கொடுத்தேன். பால் என்றால் முகத்தைச் சுளிக்கிற மனிசன் ஒரு மிடறு விடாமல் குடித்தார். "இன்னும் கிடக்கோ?" என்று கேட்டு இரண்டாவது கோப்பையும் வாங்கினார். முருகன்தான் உள்ளே இருந்து குடிக்கிறான் என்று எனக்குப்பட்டது.

பதினொரு மணிக்கு ஊசி. தாதி உள்ளே வைத்து ஏதோ கேள்விகள் கேட்டாள், என்னை வெளியே இருக்கச் சொன்னார்கள். கதவில் கதிர்வீச்சு என்று மஞ்சள் படம். கதிரையில் இருக்க முடியாமல் நடையின் இந்தத் தலைக்கும் அந்தத் தலைக்கும் நடந்தேன். அறுபத்துநான்கு அடி. டிலக்சனா, "அம்மா, ரிலாக்ஸ், நீங்க நடந்தா மெஷின் வேகமா ஓடாது" என்றாள். அவளுக்கு இப்போது எல்லாம் தெரியும். வெளியே வந்தவர், "உள்ளுக்கு நல்ல குளிர்" என்றார். அவ்வளவுதான்.

மறுமொழிக்கு மூன்று கிழமையாகும். வேலை செய்கிற பள்ளிக்கூடச் சமையலறையில் நான் கரண்டியைத் தேடுகிறேன், கரண்டி கையில் இருக்கிறது.

சுவர்ணா

---

இணுவில்
25.11.2024

அன்பு மச்சாளுக்கு,

தடிமன்கூட இல்லை என்று எழுதியதை வாசித்து முதலில் அதற்கே ஒரு கற்பூரம் கொளுத்தினேன். நாங்கள் சுகம். மழை பிடித்தால் விடுகிறதாயில்லை.

அண்ணை இரண்டு கோப்பை பால் குடித்தாரா? நான் மூன்று தரம் வாசித்தேன். வேறு யாராவது எழுதியிருந்தால் புளுகு என்று சொல்லியிருப்பேன். சூரன்போர் பார்க்கப் போன இடத்தில், தலைசுற்றி விழாமல் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சூரன் தலை போகும்போது, அந்த நெல்லிக்காயும் போகட்டும் என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். பக்கத்தில் நின்ற பெண்டுகள் ஒரு மாதிரிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

மறுமொழி வந்த உடனே எழுதுங்கோ. போனிலும் சொல்லலாம். "மழை விட்டிட்டுது" என்று சொன்னால் நல்ல செய்தி என்று எடுத்துக்கொள்வேன்.

கனகாம்பிகை

---

வால்தம்ஸ்டோ
08.12.2024

அன்புள்ள மச்சாளுக்கு,

சுகம். உங்கள் சுகத்தையும் அறிய வேண்டும்.

மறுமொழி நல்லது. கட்டி பேசாமல் கிடக்கிறதாம். பெரிதாக ஒன்றும் எரியவில்லையாம். இப்போதைக்கு வெட்ட வேண்டாம், மருந்தும் வேண்டாம், ஏப்ரலில் அடுத்த படம் எடுத்துப் பார்ப்போம் என்றா டொக்டர் கிரிஜா. டிலக்சனா அந்த இடத்திலேயே அழுதுவிட்டாள். அவர் டொக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

விரதம் பிடித்தது, பால் குடித்தது எல்லாம் நமக்குள் இருக்கட்டும். யாருக்கும் சொல்லாதேங்கோ. போன கடிதத்தைக் கிழித்துவிடுங்கோ.

இங்கே நான்கு மணிக்கே இருட்டிவிடுகிறது.

சுவர்ணா

---

இணுவில்
27.12.2024

என் தங்க மச்சாளுக்கு,

உங்கள் வீட்டில் இனி விளக்கு அணையாது. நாங்கள் எல்லாரும் நல்ல சுகம், என் முழங்கால்கூட!

யாருக்கும் சொல்லாதே என்றால் எப்படி? சொல்லாவிட்டால் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும். தபால் கந்தோருக்கு வந்த அத்தனை பேருக்கும் கற்கண்டு கொடுத்தேன். ஏச்சு வாங்கிய அந்தக் கிழவருக்கு இரண்டு தரம். எங்கள் ஐயர், "சஷ்டி விரதத்தின்ரை பலன் கண்கூடாய்த் தெரியுது பிள்ளை" என்றார். தைப்பூசத்துக்குப் பாற்குடம் எடுப்பதாக நேர்ந்திருக்கிறேன். பாலால் கிடைத்ததற்குப் பால்தானே கொடுக்க வேணும்.

ஒன்று கேட்கிறேன், கோவிக்காதேங்கோ. இவ்வளவு பெரிய செய்திக்கு ஏன் இவ்வளவு கட்டைக் கடிதம்? வலிப்பு வந்த செய்தியை இரண்டு பக்கம் எழுதினீர்கள். கட்டி தூங்குகிறது என்பதற்குப் பதினைந்து வரியா? எண்ணிப் பார்த்தேன், இருட்டிவிடுகிறது என்பதையும் சேர்த்துத்தான் பதினைந்து.

பதில் போடுங்கோ,
கனகாம்பிகை

---

இணுவில்
30.01.2025

மச்சாள்,

சுகம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. ஐந்து கிழமை. பையை அவிழ்த்து, கொட்டி, கடைசியில் கையை விட்டும் துழாவுகிறேன். எனக்குத்தான் கடிதம் இல்லை.

போன ஞாயிறு வீடியோவில் அண்ணை கோப்பையை இடக்கையால் பிடித்திருந்தார். அவர் வலக்கைக்காரர். என் பேரைக் கூப்பிட வாயெடுத்து, கொஞ்சம் நின்று, "பிள்ளை" என்றார். ஐம்பத்து மூன்று வருசத்தில் அவர் என்னைப் பிள்ளை என்றது கிடையாது. தங்கச்சி என்பார், கோபம் வந்தால் கனகம் என்பார். நீங்கள் சடக்கென்று போனை உங்கள் பக்கம் திருப்பி, இணுவிலில் வெங்காயம் என்ன விலை என்று கேட்டீர்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறீர்கள் மச்சாள்.

தைப்பூசம் பதினோராம் திகதி. பாற்குடத்தைத் தலையில் வைப்பதற்கு முன் எனக்கு உண்மை தெரிய வேணும்.

கனகாம்பிகை

---

வால்தம்ஸ்டோ
09.02.2025

அன்புள்ள மச்சாளுக்கு,

நீங்கள் சுகமாக இருக்க வேண்டும். இதை வாசித்த பிறகும் சுகமாக இருக்க வேண்டும். இது போய்ச் சேருமுன் தைப்பூசம் முடிந்துவிடும். முந்தி எழுதாதது என் பிழை.

மறுமொழி சொல்கிற நாளுக்கு முதல்நாள் அவருடைய ஜக்கெட்டைக் கழுவப் போட்டேன். பையில் அந்த ஆஸ்பத்திரிக் கடுதாசி இருந்தது. கசங்கி, மடிப்பில் கிழிந்திருந்தது. எனக்குத் தெரிந்த இங்கிலீசில் வாசித்தேன். ஆறு மணித்தியாலத்துக்குத் தண்ணி மட்டும்தான். அதற்குக் கீழே தனியாக எழுதியிருக்கிறார்கள்: பால், முட்டை, பருப்பு, கொட்டைகள் என்று புரதமுள்ளது எடுத்தால் படம் தெளிவாக வராமல் போகலாம், எடுத்திருந்தால் எங்களிடம் சொல்லுங்கள் என்று.

பால். கொட்டைகள். பாதாம் அரைத்தேனே மச்சாள், என் கையாலே! பந்தியில் இருத்துவதற்கு முன் வீட்டிலே வயிறு முட்டத் தீத்தி அனுப்பியிருக்கிறேன். பிறகு எது பெருந்தீனி என்று யாருக்குத் தெரியும்?

நாளைக்கு டொக்டரிடம் சொல்லுவோம் என்றுதான் போனேன். ஆனால் அவ வாசலிலேயே சிரித்துக்கொண்டு நின்றா. நல்ல செய்தி என்றா. டிலக்சனா அழுதாள். மூன்று மாதத்துக்குப் பிறகு அவர் முகத்தில் இரத்தம் வந்ததைப் பார்த்தேன். அதை நான் என் வாயால் எப்படி உடைப்பேன்? வீட்டுக்குப் போய்ச் சொல்லுவோம் என்று வந்தேன். அவர் இறைச்சிக்கறி கேட்டார், சமைத்தேன். கிறிஸ்மஸ் போகட்டும் என்று விட்டேன். பிறகு உங்கள் கற்கண்டுக் கடிதம் வந்தது. ஐயர், பாற்குடம், விரதத்தின் பலன். உங்கள் ஆறு மிளகையும் நான் எப்படி மச்சாள் பொய் என்று எழுதுவேன்? உங்கள் சொல்லைக் கேட்டுத்தான் கொடுத்தேன் என்று குற்றம் சொல்கிற மாதிரி ஆகிவிடுமே. பேனையை எடுப்பேன், வைப்பேன். குசினித் தட்டுகளைக் கழுவிய பிறகும் இறக்கி இன்னொரு தரம் கழுவுவேன்.

இப்போது அவருக்குச் சொற்கள் போகின்றன. உப்பைக் கேட்க, "அந்த வெள்ளை... அந்த..." என்கிறார். நான் உடனே எடுத்துக் கொடுத்துவிடுகிறேன், அவர் தடக்கியதைக் கவனிக்காத மாதிரி. வலக்கை விரல்களில் பொத்தான் நிற்பதில்லை. ஏப்ரலில்தான் அடுத்த படம். நான் சொன்னால் முந்தி எடுப்பார்கள். எடுத்தால் என்ன தெரியும் என்று பயமாக இருக்கிறது. எடுக்காவிட்டால் என்ன நடக்கும் என்றும் பயமாக இருக்கிறது.

நான் என்ன செய்ய?

சுவர்ணா

---

இணுவில்
20.02.2025
(விரைவு அஞ்சல்)

மச்சாள்,

சுகம் பிறகு விசாரிப்போம்.

போங்கோ. இந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கதிரையில் இருக்காதேங்கோ, எழும்பிப் போய் அந்த டொக்டரிடம் சொல்லுங்கோ. உங்களுக்கு வாய் வராவிட்டால் என்னைச் சொல்லுங்கோ. யாழ்ப்பாணத்தில் இவருக்கு ஒரு தங்கச்சி இருக்கிறாள், ஒன்றும் தெரியாமல் பெரிய மனுசி மாதிரி உத்தரவு போடுகிறவள், அவள்தான் பால் கொடுக்கச் சொன்னாள் என்று சொல்லுங்கோ. பேரையும் எழுதிக் கொடுங்கோ.

எனக்குக் கோபம் வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். உங்கள் கடிதத்தை வாசித்த அன்றைக்கு ஒரு பார்சலைக் கனடாவுக்குப் பதிலாகக் கண்டிக்கு அனுப்பிவிட்டேன். உங்கள் மேல் கோபம், என் மேல் கோபம், பாற்குடம் சுமந்த தலையைச் சுவரில் மோதலாம் போல் இருந்தது. என் விரதம் போய்விடுமென்று நீங்கள் வாய் திறக்காமல் இருந்தீர்களா? விசரே உங்களுக்கு! என் விரதம் ஏன் போகிறது? நான் அண்ணை பிழைக்க வேணுமென்றுதான் நேர்ந்தேன், படம் நல்லதாக வர வேணுமென்று நேரவில்லை. முருகனுக்கு இந்த வித்தியாசம் தெரியும். எனக்குத்தான் தெரியாமல் கற்கண்டு கொடுத்துத் திரிந்தேன்.

கற்கண்டு வாங்கியவர்களுக்கு நான் பதில் சொல்லிக்கொள்வேன். நீங்கள் போங்கோ.

கனகம்

---

வால்தம்ஸ்டோ
16.03.2025

அன்புள்ள மச்சாளுக்கு,

உங்கள் சுகம் அறிய ஆசை. இந்த முறை உண்மையாகவே கேட்கிறேன், முழங்கால் எப்படி?

போனேன். உங்கள் கடிதம் வந்த பின்னேரமே போனேன், ஏப்ரன்கூடக் கழற்றவில்லை. டொக்டர் கிரிஜா வேறு யாரையோ பார்த்துக்கொண்டிருந்தா, ஒன்றரை மணித்தியாலம் நின்றேன். உங்கள் பேரைச் சொல்லவில்லை. "நான்தான் குடுத்தனான்" என்றேன். "நீங்க சொல்லலேன்னா ஏப்ரல் வரைக்கும் நாங்க நிம்மதியா இருந்திருப்போம்மா" என்றா. அந்தச் சொல்லுக்குப் பதிலாக அவ ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து அவரிடமும் சொன்னேன். நான் பாலைக் கொடுத்து எல்லாவற்றையும் கெடுத்துப்போட்டேன், திரும்ப எடுக்க வேணுமாம் என்றேன். அவர் ஜன்னலைப் பார்த்தபடி நின்றார். ஒரு பஸ் போனது, நேரம் பார்க்கவில்லை. பிறகு, "நீர்... ஒண்டும்..." என்றார். மிச்சம் வரவில்லை. என் தலையைத் தடவினார்.

மார்ச் ஐந்தாம் திகதி மறுபடி ஸ்கேன். முதல்நாள் இரவிலிருந்து தண்ணி மட்டும். நானும் சாப்பிடவில்லை, டிலக்சனாவும் சாப்பிடவில்லை. அவள் கடுதாசியை வாசித்து வாசித்து ஒவ்வொரு வரியாகச் சரி போட்டாள்.

எரிந்தது மச்சாள். முழுக் கட்டியும் அல்ல. பின்கரையில் ஒரு சின்ன இடம். டொக்டர் ஏழு மில்லிமீட்டர் என்றா, நான் மிளகு என்று நினைத்துக்கொண்டேன். மிச்சமெல்லாம் மங்கலாகக் கிடக்க அது மட்டும் பளீரென்று. அந்த இடத்தில் அது கெட்ட கட்டியாக மாறுகிறதாம். நவம்பரிலேயே இது எரிந்திருக்குமா, பால்தான் மறைத்ததா என்று கேட்டேன். "பால் எவ்வளவு மறைச்சுது, கட்டி எவ்வளவு வளந்துச்சு, ரெண்டையும் என்னால பிரிச்சுச் சொல்ல முடியாதும்மா. பால் குடிச்சும் தெரிஞ்சிருக்கலாம், குடிக்காமலும் தெரியாம இருந்திருக்கலாம்" என்றா. இதை நான் சாகும்வரை காவிச் சுமக்க வேண்டும்.

இருபத்தேழாம் திகதி ஒப்பரேசன். எங்கே கை வைப்பது என்று அந்த மிளகு காட்டிக்கொடுத்திருக்கிறதாம். பேச்சுப் போகாமல் இருக்க, நடுவில் அவரை எழுப்பிக் கதைக்க வைத்துக்கொண்டே வெட்டுவார்களாம். எதைக் கதைப்பது என்று கேட்டதற்கு, தன் பஸ் தரிப்பிடங்களை வரிசையாகச் சொல்கிறாராம். டிலக்சனா ஒவ்வொரு நாளும் கேட்டுப் பார்க்கிறாள். முப்பத்தெட்டில் நான்கைந்து விடுபடுகிறது.

ஒரு மிளகு வாயில் போட்டுக்கொள்ளுங்கோ.

சுவர்ணா

---

இணுவில்
02.04.2025

அன்பு மச்சாளுக்கு,

ஒப்பரேசன் முடிந்தது, கண் திறந்தார், ஆளைத் தெரிகிறது என்று டிலக்சனா போனில் சொன்ன நேரத்திலிருந்து நான் சுகம். நீங்களும் இனி ஒழுங்காகச் சாப்பிட்டுச் சுகமாக இருங்கோ.

இந்த முறை யாருக்கும் கற்கண்டு கொடுக்கவில்லை. கிழவர் வந்து கையை நீட்டினார். "அடுத்த வருசம் வாங்கோ, அப்பு" என்றேன்.

ஆறு கிழமை கதிர்ச் சிகிச்சை, பிறகு மருந்து என்றீர்கள். உடம்பு தேற வேணும். இப்போது தடை இல்லைத்தானே, டொக்டரிடம் கேட்டுவிட்டு நாளுக்கு இரண்டு கோப்பை பால் கொடுங்கோ. கேட்டுவிட்டு!

கனகம்

---

வால்தம்ஸ்டோ
04.05.2025

தங்கச்சிக்கு,

நான் சுகம். நீ சுகமோ. இதை எழுத ஒன்பது நாள் போச்சு. சொல்லு வாயில வாறதை விடப் பேனையில கொஞ்சம் வருது. எழுத்துப் பிழை கிடந்தால் பாராதே.

உன்ரை கடிதம் எல்லாம் சுவர்ணா அலுமாரிக்குள்ள வைச்சிருந்தவ. தேடி எடுத்து வாசிச்சன். நீ உன்னை ஏசுறாய். அவ தன்னை ஏசுறா. எனக்கு நெஞ்சு பொறுக்குதில்லை.

அந்தக் கடுதாசி வந்த அண்டைக்கே நான் வாசிச்சனான். இருபத்தொரு வருசம் டிப்போவில ஒட்டுற நோட்டீஸ் எல்லாம் வாசிச்ச ஆள் நான். பால் குடிச்சால் படம் வடிவாய் விழாது எண்டு போட்டுக் கிடந்தது. எனக்கு அந்தப் படம் வடிவாய் விழக்கூடாது எண்டுதான் இருந்தது. தெளிவாய்த் தெரிஞ்சால் பிறகு தெரியாத மாதிரி இருக்கேலாது. டிலக்சனா படிச்சு முடிக்கட்டும் எண்டு நினைச்சன். பயந்தன் தங்கச்சி. அந்த நேரம் பார்த்துச் சுவர்ணா பாலைக் கொண்டு வந்து நீட்டினா. ஊசி போடுற பிள்ளை, ஏதாவது எடுத்தனீங்களோ எண்டு கேட்டவள். இல்லை எண்டன்.

டொக்டர் கையைப் பிடிச்சுக்கொண்டு நான் விடாமல் நிண்டது சந்தோசத்தில இல்லை. சொல்லுவமோ விடுவமோ எண்டு நிண்டது. விட்டிட்டன்.

சுவர்ணா போய்ச் சொல்லியிருக்காவிட்டால் நான் இண்டைக்கு இதை எழுதமாட்டன். ஒப்பரேசனில பஸ் தரிப்பிடம் எல்லாம் சொன்னனாம். இருபத்தாறாவதில நாக்கு நிண்டுபோச்சாம். அந்த இடத்தில கத்தியை நிப்பாட்டினவையாம். கொஞ்சத்தை விட்டுத்தான் எடுத்தவை. மிச்சத்துக்குக் கதிர் நடக்குது. எவ்வளவு காலம் எண்டு கேட்டன். இந்த முறை நான்தான் கேட்டன்.

அவவுக்கு இதை வாயால சொல்ல நாலு தரம் வெளிக்கிட்டன். சொல்லு வருதில்லை. வருத்தத்தாலயோ வெட்கத்தாலயோ எனக்கே தெரியேல்லை. அதால உனக்கு எழுதிறன். உறையை ஒட்டாமல் அவவிட்டைக் குடுக்கிறன், தபாலில போடச் சொல்லி. வாசிச்சால் வாசிக்கட்டும்.

நீ எண்டாலும் அப்பவே கண்டுபிடிச்சிருக்க வேணும். எனக்குப் பால் பிடிக்காது எண்டு உனக்குத் தெரியும்தானே.

அண்ணை
அம்பலவாணன்

(உறையின் பின்புறத்தில்)

மச்சாள், வாசித்தேன். குசினிக் கதவைச் சாத்திவிட்டு அழுதேன். பிறகு போய், பக்கத்து வீட்டுக்கும் கேட்கிற மாதிரி ஏசினேன். அவர் ஏச்சு முழுவதையும் வாங்கிக்கொண்டு, கடைசியில் ஒரு சொல்லும் தடக்காமல், "இனிப் பால் வேண்டாம், சுவர்ணா" என்றார். நாளுக்கு இரண்டு கோப்பை, மூன்று கிழமையாக, முகம் சுளிக்காமல் குடித்துக்கொண்டிருந்த மனிசன். இப்போது பால் விடாத வெறுந்தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு வந்துதான் இந்த உறையை ஒட்டுகிறேன்.

சுவர்ணா